பாதிப் பாலம்

ஹல்கேயின் உடல் பாலத்தின் கடைசித் தூணில் சிக்கிக் கிடந்தது. அங்கே கிடப்பது அவன்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எந்த மாநிலத்தில் கிடக்கிறான் என்பதில்தான் விடிந்ததிலிருந்து தகராறு.

கதேரி ஆற்றின் நடுமத்தியில் எல்லை ஓடுகிறது. கிழக்குக் கரை லக்னோ அரசாங்கத்துக்கு, மேற்குக் கரை போபால் அரசாங்கத்துக்கு. பாலத்தைக் கட்டத் தொடங்கியவர்கள் மேற்குக்கரைக்காரர்கள். தங்கள் பங்குக்குச் சரியாக ஆற்றின் பாதி வரைக்கும் கட்டிவிட்டு, மிச்சம் உங்கள் பாடு என்று நிறுத்திவிட்டார்கள். அந்தக் கடைசித் தூணின் காலடியில் துருப்பிடித்த கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும். அதில்தான் ஹல்கேயின் கம்பளிச் சட்டை மாட்டியிருந்தது.

கிழக்குக் கரைப் போலீஸ் அதிகாரியான தரோகா கோட்டுப் பைக்குள் கையை விட்டுக்கொண்டு கரையிலேயே நின்றார். தூண் அவர்கள் கட்டியது, அவர்கள் தூணில் கிடப்பவனை நான் எப்படித் தொடுவது என்பது அவர் கட்சி. மேற்குக் கரைத் தரோகா பாதிப் பாலத்தின் நுனியில் நின்று கீழே எட்டிப் பார்த்தார். உடல் தூணுக்குக் கிழக்கே அல்லவா கிடக்கிறது, அது உங்கள் தண்ணீர் என்று அங்கிருந்தே கத்தினார். பிறகு இருவரும் போனில் பேசிக்கொண்டார்கள். சிரித்துக்கூடப் பேசினார்கள். அந்தக் காலையில் உருப்படியாக ஒரு காரியம் செய்தவன் படகுக்காரப் பன்னாலால் ஒருவன்தான். இருட்டு விலகியதுமே நீந்திப் போய், உடல் அடித்துக்கொண்டு போகாமல் இடுப்பில் கயிறு போட்டுக் கம்பியோடு கட்டிவிட்டு வந்திருந்தான்.

மதுரா பிரசாத் குஷ்வாஹா வந்து சேர்ந்தபோது பனிமூட்டம் கலைந்துவிட்டது. ஹல்கே அவருடைய ஒரே தம்பி. ஹல்கே என்றால் சின்னவன். அவனுக்கு ராம்தாஸ் என்று ஒரு பெயர் இருந்ததை அம்மாவோடு சேர்த்து எல்லோரும் மறந்துவிட்டிருந்தார்கள். மதுரா முதல்நாள் தாலுகா ஊரில் கூட்டத்தில் பேசப் போயிருந்தார். என்ன கூட்டம் என்று கேட்கவே வேண்டாம். அவருக்கு ஒரே கூட்டம்தான், ஒரே பேச்சுதான். இரு கரையையும் சேர்த்துப் புந்தேல்கண்ட் சீமைக்குத் தனி மாநிலம்.

கிழக்குக் கரையிலிருந்த அவர் ஊரில் பாதிப் பேர் அவரை முதலமைச்சரே என்றுதான் கூப்பிடுவார்கள். கேலிதான், ஆனால் அதில் கொஞ்சம் பாசமும் இருந்தது. ஏனென்றால் அவர் சொல்வதில் தப்பென்று சுட்டிக்காட்ட யாராலும் முடியவில்லை. ஆற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே பேச்சு, ஒரே சாமி, ஒரே பஞ்சம். பெண் கொடுப்பதும் எடுப்பதும் ஆற்றைத் தாண்டித்தான். ஆனால் லக்னோவுக்கு இவர்கள் கடைசி ஜில்லா. போபாலுக்கு அவர்கள் கடைசி ஜில்லா. இங்கே வெட்டும் கருங்கல்லில் எங்கெங்கோ மாடி எழும்புகிறது. இங்கே கட்டிய அணையின் தண்ணீர் யாரோ குளிக்கப் போகிறது. தீபாவளி முடிந்ததும் வீட்டுக்கு வீடு பூட்டைப் போட்டுவிட்டுச் சனம் தில்லிக்குச் செங்கல் சுமக்கப் போகிறது. "கடைசிப் பந்தியில உக்காந்தவனுக்கு அண்டாவோட அடியைச் சுரண்டித்தான் போடுவாங்க. ரெண்டு வீட்டுலயும் நமக்குக் கடைசிப் பந்தி. நம்ம வீட்டுல நாமளே அடுப்பு மூட்டுவோம்னு சொன்னா அது தப்பா?" என்பார் மதுரா. இதைச் சொன்னதற்காகத் தடியடி பட்டிருக்கிறார், ஜெயிலுக்கும் போயிருக்கிறார். வீட்டுத் தோட்டத்தைத் தம்பியின் தலையில் கட்டிவிட்டுத்தான் இவ்வளவும். ஹல்கே கத்திரியும் தக்காளியும் விளைவித்து அக்கரைச் சந்தையில் விற்று இரண்டு குடும்பத்துக்கும் சோறு போட்டான்.

தனி மாநிலத்துக்குச் சாட்சி கேட்டு யார் வந்தாலும் மதுரா அவர்களை நேராக ஆற்றங்கரைக்குக் கூட்டி வருவார். பாதிப் பாலத்தைக் காட்டிவிட்டுப் பேசாமல் நின்றுகொள்வார். அதற்கு மேல் பேசத் தேவையே இருக்காது.

ஆனால் அந்தச் சாட்சிக்கு ஒரு குறை இருந்தது. ஆண்டுதோறும் மழை ஓய்ந்து தண்ணீர் வடிந்ததும், பாலத்தைத் தாண்டிச் சற்றுக் கீழே ஆழமில்லாத இடத்தில் இரு கரை ஆட்களும் சேர்ந்து கல்லையும் முள்கட்டையும் மண்ணையும் போட்டு ஒரு தரைப்பாதை அமைப்பார்கள். ரப்டா என்று பெயர். யாரும் கூலி கேட்க மாட்டார்கள். இந்தக் கரை பூரி சுட்டு எடுத்துப் போகும், அந்தக் கரை கத்திரிக்காயைச் சுட்டுப் பிசைந்து கொண்டுவரும், ஆற்று நடுவில் உட்கார்ந்து தின்பார்கள். அடுத்த மழை வரும்வரை மாட்டு வண்டியும் மோட்டார் சைக்கிளும் அதன் மேல்தான் போகும்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் லக்னோவிலிருந்து ஒரு பத்திரிகைக்காரர் வந்தார். பாதிப் பாலத்தைப் பார்த்தார், ரப்டாவில் சாவகாசமாகப் போய்க்கொண்டிருந்த வண்டிகளையும் பார்த்தார். "வழிதான் இருக்கே" என்று சொல்லிவிட்டுக் காமிராவை மூடிவிட்டார். மதுராவுக்குச் செருப்பால் அடித்தது போலாகிவிட்டது. அந்த வருஷத் தீபாவளிக்குப் பிறகு இரு கரையையும் கூட்டி வைத்து, நாம் கல் போடுகிறவரைக்கும் அவர்கள் பாலம் போட மாட்டார்கள், இந்த வருஷத்திலிருந்து ஒரு கல்கூடப் போடக்கூடாது என்றார். கொஞ்சநாள் கஷ்டப்படுவோம், கஷ்டம் கண்ணில் பட்டால்தான் கேட்பார்கள் என்றார். நியாயமாகத்தான் பட்டது. எல்லோரும் சரி என்றார்கள். ஹல்கே மட்டும் முணுமுணுத்தான். "உன் ராஜ்யம் வர்ற வரைக்கும் கத்திரிக்கா காத்திருக்காதே அண்ணே" என்றான். சொன்னானே தவிர, கடப்பாரையைக் கொண்டுபோய் மூலையில் சாத்திவிட்டான். அண்ணன் பேச்சைத் தட்டிப் பழக்கமில்லாதவன்.

அன்றிலிருந்து பனிக்காலத்திலும் படகுதான். நேற்று மாலை சந்தை முடிந்து திரும்பும்போது மூட்டம் இறங்கிவிட்டது. ஏற்றக்கூடாத அளவுக்கு ஆள் ஏற்றியிருந்தார்கள். தூணின் கம்பி படகின் வயிற்றைக் கிழித்துவிட்டது. நீந்தத் தெரிந்தவர்கள் நீந்தினார்கள், மற்றவர்கள் கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டார்கள். ஹல்கேவுக்கு இரண்டும் வாய்க்கவில்லை.

மதுரா கரையில் நின்று தூணையே பார்த்தார். இரண்டு தரோகாக்களும் மேலிடத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, ஊரில் மிச்சமிருந்த சின்னப் படகில் போய் ஏறினார். பன்னாலால் ஒன்றும் கேட்காமல் துடுப்பை எடுத்தான்.

உடலைத் தொடக்கூடாது, சட்டப்படி குற்றம் என்று கரையிலிருந்து தரோகா கத்தினார். குரலில் பெரிய கோபம் இல்லை. தலைவலி தீர்ந்தது என்ற நிம்மதிதான் இருந்தது. மதுரா கயிற்றை அவிழ்த்தார். முடிச்சு நனைந்து இறுகிக் கிடந்ததால் பல்லால் கடித்து இழுக்க வேண்டியிருந்தது. தம்பியின் முகத்துக்கு வெகு அருகில் அவர் முகம் இருந்தது. அப்போதும் அழுகை வரவில்லை. வந்தது ஒரு வாக்கியம். 'இந்தப் பாலம் என் தம்பியைக் கொன்றது' என்ற வாக்கியம் ஒலிபெருக்கியில் கேட்கிற மாதிரியே அவர் மனதுக்குள் எழுந்தது. இத்தனை வருஷப் பழக்கம் துக்கத்தை முந்திக்கொண்டு வந்து நிற்கிறதே என்று அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

கரை சேர்ந்தபோது பையன்கள் கயிற்றுக் கட்டிலோடு தயாராக நின்றார்கள். தனி மாநிலத்துக்காகப் போராடும் மோர்ச்சாவின் தலைவர் திவாரி வக்கீல் போன் செய்துவிட்டாராம். உடலை நேராக நெடுஞ்சாலைக்குக் கொண்டுவர வேண்டும், டிவிக்காரர்கள் கிளம்பிவிட்டார்கள், கலெக்டர் வரும்வரை எடுக்கக்கூடாது. மதுராவுக்கு இது புதிதல்ல. கடனில் தூக்கில் தொங்கிய விவசாயிகளை, ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே போய்விட்ட பிள்ளைத்தாய்ச்சிகளை, அவரே சாலையில் கிடத்தியிருக்கிறார். மாட்டேன் என்று அழுத வீட்டாருக்கு அவரே எடுத்துச் சொல்லியிருக்கிறார். செத்தவரைச் சாலையில் வைத்தால்தான் உயிரோடிருப்பவர்கள் பக்கம் அதிகாரி திரும்பிப் பார்க்கிறான் என்பது அந்தச் சீமையில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. இன்று சொந்த வீட்டுப் பிணம். மாட்டேன் என்று சொல்ல அவருக்கு எந்த முகாந்திரமும் இல்லை.

"தூக்குங்க" என்றார்.

அப்போதுதான் கிர்ஜா எழுந்து வந்தாள். ஹல்கேயின் மனைவி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மதுரா அவள் முகத்தைப் பார்த்ததில்லை, அவளும் அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. கணவனின் அண்ணன் எதிரே முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஒதுங்குவதுதான் அங்கே வழக்கம். சாப்பாடு தயார் என்றால்கூடக் கதவைப் பார்த்து, "ரொட்டி ஆயிடுச்சுன்னு சொல்லு" என்பாள். வீட்டில் கதவையும் அவரையும் தவிர யாரும் இருக்க மாட்டார்கள். அவரும் கதவிடமே சரி என்பார்.

இப்போது அவள் முக்காட்டைத் தலைக்குப் பின்னால் தள்ளிவிட்டு அவர் எதிரே வந்து நின்றாள். பெண்கள் கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. அழுதழுது முகம் வீங்கியிருந்தது. குரல் மட்டும் தெளிவாக இருந்தது.

"பெரியவரே, ரோட்டுக்குக் கொண்டு போங்க. நான் தடுக்கல. நானும் வர்றேன். ஆனா டிவிக்காரன் என்னைக் கேப்பான். என்ன சொல்லணும்னு நீங்களே சொல்லிக் கொடுங்க. கல்லு போட வேண்டாம்னு சொன்னது லக்னோவா, போபாலா?"

பன்னாலால் வேண்டுமென்றே குனிந்து படகிலிருந்து தண்ணீரை இறைக்கத் தொடங்கினான். மதுரா அந்த முகத்தைப் பார்க்கவும் முடியாமல், பார்க்காமலிருக்கவும் முடியாமல் நின்றார். அவருக்குத் தெரியாததை அவள் சொல்லிவிடவில்லை. முடிச்சைக் கடித்து இழுக்கும்போதே, அந்த முதல் வாக்கியத்துக்கு அடுத்த வாக்கியம் என்னவென்று அவருக்குத் தெரிந்துவிட்டிருந்தது. கட்டிலின் தலைமாட்டுப் பக்கம் போய்த் தோள் கொடுத்தார்.

நெடுஞ்சாலையில் கட்டிலை இறக்கியதும் லாரிகள் இரு பக்கமும் நின்றுவிட்டன. ஆட்கள் சேரச் சேரக் கொடிகள் முளைத்தன. திவாரி வக்கீல் ஜீப்பிலிருந்து இறங்கி மதுராவைக் கட்டிக்கொண்டார். நல்ல மனிதர்தான், கண் கலங்கியது பாசாங்கு இல்லை. ஆனால் கரையில் நடந்தது அதற்குள் அவர் காதுக்குப் போயிருந்தது. ஓரமாக அழைத்துப் போய்த் தாழ்ந்த குரலில் பேசினார்.

"மதுரா, அந்தப் பொண்ணு துக்கத்துல பேசுது. அதை வீட்டோட வச்சுக்க. மைக்குல ஒரு வார்த்தை விட்டேன்னு வை, நாளைக்கு லக்னோக்காரன் பாலத்தை மறந்துடுவான், உன்னைப் பிடிச்சுக்குவான். இத்தனை வருஷம் பாடுபட்டதெல்லாம் போச்சு. நஷ்ட ஈடும் போச்சு. அவளுக்குத்தான் கேடு."

மதுரா தலையாட்டினார். வக்கீல் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அதுதான் கொடுமை.

அவர் பேசத் தொடங்கியபோது உச்சிவெயில். எதிரே தாசில்தார் வந்து நின்றிருந்தார், கலெக்டருக்கு வேறு வேலை இருந்ததாம். மதுரா எப்போதும் பேசுவதைத்தான் பேசினார். இரண்டு அரசாங்கம் இருந்தும் ஓர் அரசாங்கமும் இல்லாத கதையைச் சொன்னார். காலையில் பிணத்தை வைத்துக்கொண்டு இரண்டு தரோகாக்கள் அடித்த கூத்தைச் சொன்னார். இந்த ஆறு ஒரே ராஜ்யத்துக்குள் ஓடியிருந்தால் பாலம் முழுசாக இருந்திருக்கும், என் தம்பியும் முழுசாக வீடு வந்திருப்பான் என்றார். கூட்டம் கோஷம் போட்டது. அத்தோடு அவர் நிறுத்தியிருக்கலாம். வக்கீல் மைக்கை வாங்கக் கையை நீட்டியும்விட்டார்.

கிர்ஜா கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். அவரை அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஹல்கேயின் காலில் ஒட்டியிருந்த ஆற்றுச் சேற்றை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். ஆற்றில் தம்பியின் முகத்துக்கு அத்தனை அருகில் வராத அழுகை இப்போது மதுராவுக்கு வந்தது. அழுதுகொண்டே சொன்னார்.

"ரப்டா இருந்திருந்தாலும் அவன் வீடு வந்திருப்பான். அதைப் போட வேண்டாம்னு சொன்னது நான். லக்னோவும் இல்ல, போபாலும் இல்ல. நாம படுற பாடு வெளியில தெரியட்டும்னு நான்தான் நிறுத்தினேன். என் தம்பி வேண்டாம்னான். நான் கேக்கல."

வக்கீல் கண்ணைக் காட்ட, யாரோ மைக் வயரைப் பிடுங்கிவிட்டார்கள். கடைசி வார்த்தைகள் முன்வரிசைக்கு மட்டும்தான் கேட்டன. ஆனால் கேட்க வேண்டியவர்கள் எல்லோரும் முன்வரிசையில்தான் இருந்தார்கள். தாசில்தாருக்குக் காலையிலிருந்து இல்லாத தெம்பு வந்துவிட்டது. குமாஸ்தாவைக் கூப்பிட்டார். இவரே ஒப்புக்கொண்டுவிட்டார், வாக்குமூலமாக எழுதிக்கொள், ஊராரைத் தடுத்ததால் நேர்ந்த விபத்து, அரசாங்கத்துக்கு இதில் சம்பந்தமில்லை, உடலை எடுத்துவிட்டு வழியை விடச் சொல் என்றார். போலீஸ்காரர்கள் கட்டிலை நோக்கி நகர்ந்தார்கள். கூட்டத்தில் சிலர் கொடியைச் சுருட்டினார்கள். மதுராவின் மேல் அவர்களுக்கிருந்த கோபம் நியாயமானதுதான்.

கிர்ஜா எழுந்து கட்டிலுக்கு முன்னால் நின்றாள். கட்டிலில் கிடத்தியிருந்த புருஷனைத் தொட வந்த போலீஸ்காரன் தானாகவே பின்வாங்கினான்.

"எழுதுங்க. இவரு கல்லு போட வேண்டாம்னாரு. அதை நல்லா எழுதிக்கோங்க. நானே கைநாட்டு வைக்கிறேன். ஆனா அதுக்கு முந்தி ஒண்ணு இருக்கே? நாங்க ஏன் கல்லு போட்டுக்கிட்டு இருந்தோம்? பாலம் ஏன் பாதியில நிக்குது? அதையும் எழுதுங்க. ரெண்டும் சேந்துதான் என் புருஷனைக் கொன்னுச்சு. ஒண்ணை மட்டும் எழுதிட்டுப் போகலாம்னு பாத்தீங்கன்னா, இவரை நான் எடுக்க விடமாட்டேன்."

தாசில்தார் இளவயசுக்காரர், வெளியூர்க்காரர். வந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. கோபப்பட வாயைத் திறந்தவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தணிந்துபோனார். பாலம் தன் கையில் இல்லை என்றார். நிற்கிற பாதி அந்தப் பக்கத்து அரசாங்கம் கட்டியது, அதைப் பற்றி எழுதத் தனக்கு அதிகாரம் இல்லை. வராத பாதியைப் பற்றித் தன் ஆபீசில் ஒரு காகிதமும் இல்லை, இல்லாததைப் பற்றி எப்படி எழுதுவது என்றார். அவர் தட்டிக்கழிக்கவில்லை. உண்மையைத்தான் சொன்னார்.

"அப்போ அது யாரு கையில இருக்கு?" என்று கேட்டாள் கிர்ஜா.

தாசில்தாரின் பார்வை தன்னையறியாமல் மதுராவிடம் போய் நின்றது. நீயாவது சொல்லேன் என்று கேட்கிற மாதிரி இருந்தது. இத்தனை வருஷமாக ஓர் அதிகாரி இந்தக் கேள்வியை மனசாரத் தன்னிடம் கேட்க மாட்டானா என்று ஏங்கியவர் மதுரா. எத்தனை மேடையில், எத்தனை ராத்திரி தூக்கத்தில், இதற்குப் பதிலை முழங்கியிருப்பார். இன்று கேள்வி வந்துவிட்டது, தம்பியின் கால்மாட்டில் வந்து நிற்கிறது. முழங்க அவரிடம் குரல் இல்லை. தரையில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார்.

"யாரு கையிலயும் இல்ல, சாகிப். அதுக்குத்தான் கேக்குறோம்."